காட்டுத்தீ நெருங்கும்போது எந்த உதவியை எப்போது நாடுவது?

கலிஃபோர்னியாவில் மலையோரமாகக் குடியிருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர். பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் காலாற நடக்க இடமிருக்கிறது, இப்படி ஏதோ ஒரு காரணம். அக்டோபர் தொடங்கி உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி அந்த வறண்ட காற்று அடிக்க ஆரம்பித்ததும் (தெற்கே சாண்டா ஆனா, வடக்கே டியாப்லோ) எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே கேள்வி வரும்: ஏதாவது ஆனால் எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது? பதில்களும் வந்து குவியும். 911 என்பார் ஒருவர், ரெட் கிராஸ் என்பார் இன்னொருவர், ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு) பணம் கொடுக்குமே என்பார் மூன்றாமவர், இன்ஷூரன்ஸ் இருக்கும்போது என்ன கவலை என்று முடித்துவைப்பார் நான்காமவர். எல்லாம் சரியான பதில்தான், ஆனால் ஒரே நேரத்துக்கான பதில் இல்லை. முதல் மணி நேரத்தில் உயிரைக் காப்பது ஒன்று, முதல் இரண்டு வாரம் தங்க இடம் தருவது வேறொன்று, அதற்கப்புறம் வருடக்கணக்கில் வாடகைக்குக் கைகொடுப்பது முற்றிலும் வேறு. ஒன்று செய்ய வேண்டிய வேலையை இன்னொன்று செய்யும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. அதனால் கட்டம் கட்டமாக, இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், நான் எதை எடுப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உதாரணத்துக்கு 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 7 காலை பத்தரை மணிவாக்கில் பசிஃபிக் பாலிசேட்ஸில் ஒரு தீ, அன்றே மாலை ஆறே கால் மணி சுமாருக்கு ஆல்டடீனாவுக்கு மேலே ஈட்டன் கேன்யனில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தன, 31 பேர் இறந்தார்கள். பெரிய நகரம், வசதியான மாவட்டம், உதவி அமைப்புகளுக்குப் பஞ்சமில்லாத இடம். அங்கேயே யாருக்கு எது எப்போது கிடைத்தது என்பதில் அவ்வளவு வித்தியாசம் இருந்தது.

எந்தத் தகவலை நம்பிக் கிளம்புவது?

முதல் வழி, ஃபோன் தானாக அலறுமே, அந்த அரசு அலர்ட். நாம் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, அந்தப் பகுதியின் டவரோடு தொடர்பில் இருக்கும் எல்லா ஃபோனுக்கும் வரும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் ஃபோனில் உள்ளூர் சிம் இருந்தால் அதற்கும் வரும். இரண்டாவது, மாவட்டத்தின் அலர்ட் பட்டியல், இதில் நாமே பெயர் கொடுக்க வேண்டும். மூன்றாவது ஜெனசிஸ் ப்ரொடெக்ட் என்ற தளம். மாநிலத்தின் பல மாவட்டங்களில் ஊரை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்துக்கு என்ன உத்தரவு என்று வரைபடத்தில் காட்டும். நான்காவது வாட்ச் டியூட்டி ஆப், லாபநோக்கமில்லாத அமைப்பு நடத்துவது. தீயணைப்புத் துறையின் ரேடியோ பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஆட்கள் (இவர்களில் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்களும் உண்டு) தீ எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை உடனுக்குடன் போடுகிறார்கள்.

அரசு அலர்ட்டுக்காக மட்டும் காத்திருக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஆல்டடீனா. லேக் அவென்யூவுக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு அன்று மாலையே வெளியேறச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அதே ஊரில், அந்த ஒரே சாலைக்கு மேற்கே இருந்தவர்களுக்கு வந்தது விடியற்காலை சுமார் மூன்றரை மணிக்கு. அதற்குள் அந்தப் பக்கம் வீடுகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஈட்டன் தீயில் இறந்த 19 பேரில் ஏறக்குறைய எல்லோருமே மேற்குப் பக்கத்துக்காரர்கள், அவர்களில் பலர் வயதானவர்கள், தனியாக எழுந்து நடமாட முடியாதவர்கள். சரி, அலர்ட் வந்தால் அதுவாவது நிச்சயமா என்றால், ஜனவரி 9 அன்று கலபசாஸ் பக்கம் ஒரு சிறு பகுதிக்குப் போக வேண்டிய அலர்ட் மாவட்டம் முழுக்க, கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேருக்குப் போய்விட்டது. (கலபசாஸ் என்றால் மலிபு கோயில் இருக்கும் ஊர், தெற்குக் கலிஃபோர்னியாத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த மலைப்பாதை.) இதற்கு முன்னால் 2018 நவம்பரில் பேரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் இறந்தபோதும், மாவட்ட அலர்ட் பட்டியலில் பெயர் கொடுக்காத பலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை.

ஆக என் தேர்வு இதுதான். தீ எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வாட்ச் டியூட்டி, நம் மண்டலத்துக்கு என்ன உத்தரவு என்று பார்க்க ஜெனசிஸ், இரண்டையும் இப்போதே ஃபோனில் ஏற்றி நம் மண்டல எண்ணை ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டிவிட வேண்டும். மாவட்டப் பட்டியலிலும் பெயர் கொடுக்க வேண்டும், ஐந்து நிமிட வேலை. அரசு அலர்ட்டைக் கடைசி எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளலாம். காற்று பலமாக அடிக்கும் இரவுகளில் ஃபோனை சைலண்டில் போட்டு இன்னொரு அறையில் சார்ஜ் ஏற்றாதீர்கள். கரண்ட் போனால் வைஃபை போகும், டவரும் சில மணி நேரத்தில் போகலாம், எனவே பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

வார்னிங், ஆர்டர் என்று இரண்டு சொல்வார்கள். வார்னிங் என்றால் ஆபத்து வரக்கூடும், தயாராகுங்கள், கிளம்ப நேரம் பிடிப்பவர்கள் இப்போதே கிளம்புங்கள் என்று அர்த்தம். ஆர்டர் என்றால் உயிருக்கு ஆபத்து, உடனே போ. வீட்டில் கைக்குழந்தையோ பெரியவர்களோ இருந்தால், உங்கள் வீட்டுக்கு வார்னிங்தான் ஆர்டர். ஜனவரி 7 அன்று பாலிசேட்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கியதால் சாலை அடைத்துக்கொண்டது, பலர் காரை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து ஓடினார்கள், அப்புறம் தீயணைப்பு வண்டிக்கு வழிவிட அந்தக் கார்களை புல்டோசர் வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பியவருக்கும் பின்னால் கிளம்பியவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அது.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் உயிர் போகிற விஷயம். கரண்ட் போனால் கராஜ் கதவு பட்டனுக்குத் திறக்காது. 2017 தீயில் கராஜைத் திறக்க முடியாமல் மாட்டிக்கொண்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் 2019 ஜூலையிலிருந்து புதிதாகப் போடும் கதவு மோட்டாருக்கு பேட்டரி கட்டாயம் என்று மாநிலம் சட்டம் போட்டது. உங்கள் வீட்டில் பழைய மோட்டார் இருந்தால், மேலே தண்டவாளத்திலிருந்து சிவப்புக் கைப்பிடியோடு ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்துவிட்டால் மோட்டாரிலிருந்து கதவு விடுபடும், அப்புறம் கையாலேயே தூக்கலாம். கனமாகத்தான் இருக்கும். இந்த வார இறுதியில் வீட்டில் எல்லோரும் ஒருமுறை இழுத்துத் தூக்கிப் பாருங்கள், முக்கியமாக நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது வீட்டில் இருக்கப்போகிறவர்கள்.

911 எப்போது? தீ எங்கே வருகிறது என்று விசாரிக்க இல்லை. தீயை நீங்களே பார்த்தால், மாட்டிக்கொண்டால், நடக்க முடியாதவரை வெளியே கொண்டுவர ஆள் வேண்டுமென்றால் 911. பேச முடியாவிட்டால் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் உட்படப் பல இடங்களில் மெசேஜும் அனுப்பலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் வராதே என்ற கவலை நியாயமானது. ஆனால் 911 எடுப்பவர்கள் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் கொண்டுவர முடியும், "தமிழ்" என்று அழுத்திச் சொன்னால் போதும். அவர்களுக்குப் பழக்க வேண்டியது மூன்றே சொற்கள்தான்: ஃபயர், தமிழ், அப்புறம் வீட்டு முகவரி. முகவரியைப் பெரிய எழுத்தில், தமிழ் எழுத்திலேயே எழுதி ஃபோன் வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள். அதைவிட முக்கியம், பகலில் வீட்டிலேயே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம், எங்கள் அம்மா தனியாக இருப்பார், ஏதாவது என்றால் கதவைத் தட்டுங்கள் என்று சொல்லி வைப்பது. எந்த ஆப்பும் கதவைத் தட்டாது.

எங்கே போய்த் தங்குவது?

வெளியே வந்தாயிற்று, இனி இரவு எங்கே? நண்பர் வீடு, ரெட் கிராஸ் ஷெல்டர், ஹோட்டல், 211 மூலம் கிடைக்கும் இலவச வீடு. நான்கையும் யோசித்துத்தான் சொல்கிறேன், எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது.

நண்பர் வீட்டைத்தான் பெரும்பாலும் முதலில் நினைப்போம், தப்பில்லை. சாப்பாடு பிரச்சினை இல்லை, குழந்தைகள் பயம் தெளிவார்கள், பெரியவர்களுக்கு பேச்சுத் துணை இருக்கும். ஆனால் அந்த நண்பர் எங்கே இருக்கிறார் என்பது முக்கியம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பருக்கு நள்ளிரவில் அதே உத்தரவு வந்தால் இரண்டு குடும்பமும் சேர்ந்து மறுபடி கிளம்ப வேண்டும். முப்பது நாற்பது மைல் தள்ளி, ஒருவர் ஒரு திசையில், இன்னொருவர் வேறு திசையில், என்று இரண்டு வீட்டை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எந்த நல்ல நட்பும் ஒரே குளியலறையை எட்டுப் பேர் பகிர்ந்துகொள்வதை வாரக்கணக்கில் தாங்காது. உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சொல்ல முடியாத சங்கடம். மூன்று நான்கு நாளைக்கு நண்பர் வீடு மிக நல்லது, அதற்குமேல் வேறு ஏற்பாடு தேடுங்கள்.

ஷெல்டர் என்றதும் நம்மில் பலர் பின்வாங்குகிறோம். அதெல்லாம் வீடில்லாதவர்களுக்கு, நாம் போவதா என்ற கௌரவம். இந்த எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2025ல் பாசடீனா கன்வென்ஷன் சென்டரில் போய்ப் படுத்தவர்கள் முந்தின நாள்வரை சொந்த வீட்டில் இருந்தவர்கள்தான். ரெட் கிராஸ் ஷெல்டரில் தங்கக் காசு கிடையாது, விசா என்ன, கிரீன் கார்டு உண்டா என்று கேட்க மாட்டார்கள். மடக்குக் கட்டில், போர்வை, மூன்று வேளை சாப்பாடு, ஃபோன் சார்ஜ் ஏற்ற இடம், செவிலியர் எல்லாம் உண்டு. மருந்தை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள், இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டியவர்கள் உள்ளே போனதும் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும்.

குறைகளும் சொல்ல வேண்டும். பெரிய கூடம், வரிசை வரிசையாகக் கட்டில், பக்கத்துக் கட்டில்காரர் இருமினால் உங்களுக்குக் கேட்கும், ராத்திரி முழுக்க ஏதாவது ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சைவ உணவு தானாக வரும் என்று நம்ப முடியாது, கேட்டு வாங்க வேண்டும், அதுவும் ரொட்டியும் பழமுமாக இருக்கலாம். கூட்டம் சேர்ந்தால் நோயும் சேரும்: 2018ல் பேரடைஸ்காரர்கள் தங்கிய ஷெல்டர்களில் நோரோவைரஸ் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் வாந்தி பேதியில் படுத்தார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் வேறு வழி இருந்தால் அதைப் பார்ப்பது நல்லது. செல்லப் பிராணியை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள், அருகே தனி இடம் இருக்கும்.

ஆனால் ஷெல்டருக்கு இன்னொரு பயன் இருக்கிறது, அதைப் பலர் தவற விடுகிறார்கள். தகவலும் ஆட்களும் முதலில் வந்து சேரும் இடங்களில் அது ஒன்று. நண்பர் வீட்டில் தங்கினாலும் பகலில் ஒருமுறை அங்கே போய் விசாரித்துவிட்டு வரலாம், தங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. சில நாளில் உதவி மையங்கள் திறப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஒரே வாரத்தில் இரண்டு திறந்தார்கள், ஒன்று மேற்கே யுசிஎல்ஏவின் ஆராய்ச்சிப் பூங்காவில், இன்னொன்று பாசடீனா சிட்டி காலேஜின் ஒரு வளாகத்தில். ஃபீமா மேசை, ஓட்டுநர் உரிமத்துக்கு டிஎம்வி மேசை என்று எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கும். பத்து இடத்துக்கு ஃபோன் போட்டுக் காத்திருப்பதைவிட ஒரு நாள் அங்கே வரிசையில் நிற்பது மேல்.

ஹோட்டல் மூன்றாவது. நிம்மதி உண்டு, கதவைச் சாத்திக்கொள்ளலாம், ஆனால் அறை கிடைக்க வேண்டுமே. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே இரவில் தேடும்போது சுற்றுவட்டாரத்தில் ஒன்றும் மிஞ்சாது. வார்னிங் வந்ததுமே, ரத்து செய்தால் காசு திரும்பத் தரும் அறை ஒன்றை எதிர்த்திசையில் போட்டுவிடுங்கள். அவசர நிலை அறிவித்தபிறகு ஹோட்டலோ வாடகை வீடோ விலையைப் பத்து சதவீதத்துக்குமேல் ஏற்றுவது கலிஃபோர்னியாவில் குற்றம். அப்படி ஏற்றினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், 2025ல் ரியல் எஸ்டேட் ஏஜெண்டுகள் சிலர்மீது வழக்கே போட்டார்கள்.

நான்காவது 211. இது 911 மாதிரி உயிர் காக்கும் எண் இல்லை, எந்த உதவி எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண், இங்கேயும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். 2025ல் லாஸ் ஏஞ்சலஸின் 211 மூலமாக ஏர்பிஎன்பியின் அறக்கட்டளை வீடிழந்தவர்களுக்கும் வெளியேறியவர்களுக்கும் இலவசமாகத் தங்க இடம் கொடுத்தது. அருமையான உதவி, ஆனால் விண்ணப்பங்கள் குவிந்தன, எனவே முதல் இரவுக்கு இதை நம்பிக் கிளம்பக் கூடாது. இரண்டாவது மூன்றாவது நாள் ஏற்பாடாக முதல் நாளே பதிந்து வைக்கலாம்.

குடும்பத்தைப் பொறுத்துச் சொல்வதென்றால்: உடம்பு நன்றாக இருக்கும் பெரியவர்கள், பள்ளி போகும் பிள்ளைகள், கார் எல்லாம் இருக்கிற குடும்பம் என்றால் தூரத்து நண்பர் வீட்டில் மூன்று நாள், பிறகு இன்ஷூரன்ஸ் செலவில் ஹோட்டலோ சின்ன வாடகை வீடோ. டயாலிசிஸ், ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர் இருந்தால் கிளம்பும்போதே 211ஐக் கூப்பிட்டு மருத்துவ வசதி உள்ள ஷெல்டர் எது என்று கேட்டுப் போங்கள், நண்பர் வீட்டில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? படிக்க வந்த பிள்ளைகள், கார் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, ஊரில் யாரும் தெரியாது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஷெல்டர்தான். 2018ல் பேரடைஸிலிருந்து தப்பி வந்த நூற்றுக்கணக்கானோர் சிக்கோ நகரில் வால்மார்ட் கார் நிறுத்துமிடத்தில் குளிரில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். காரில் தூங்குவதும் அந்த மாதிரிதான், புகைக்கு நடுவே, கழிப்பறை இல்லாமல். ஷெல்டரில் இடம் இருக்கும்போது அது தேவையில்லை.

மருந்தை விட்டுவிட்டு வந்தால், கலிஃபோர்னியாவில் அவசர நிலையின்போது மருந்துச்சீட்டு இல்லாமலும் அத்தியாவசிய மருந்தைத் தர மருந்தாளுநருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. மருந்து டப்பாக்களின் லேபிளை இன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு மருந்து கொண்டுவரும் அப்பா அம்மாவுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அந்த இந்தியப் பெயர் இங்கே மருந்துக்கடையில் தெரியாது, உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பது தெரிய வேண்டும்.

பணம் எங்கிருந்து?

இங்கே என் கருத்து தெளிவானது: முதலில் இன்ஷூரன்ஸ், ஃபீமா அதற்கப்புறம், நன்கொடை கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சொந்த வீடானாலும் வாடகை வீடானாலும் பாலிசியில் கூடுதல் வாழ்க்கைச் செலவு என்று ஒரு பகுதி இருக்கும். வீட்டில் இருக்க முடியாத நாட்களில் ஹோட்டல், வெளிச்சாப்பாட்டில் கூடுதலாக ஆகும் தொகை, துணி வெளுக்கும் செலவு எல்லாம் இதில் வரும். வீடு எரிய வேண்டும் என்றில்லை, அரசு வெளியேறச் சொன்னாலே கலிஃபோர்னியாவில் குறைந்தது இரண்டு வாரம் இது உண்டு. சொந்த வீடு முழுக்கப் போய், அவசர நிலையும் அறிவித்திருந்தால் குறைந்தது 24 மாதம் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம், பாலிசி எல்லைக்குள். அதில் நான்கு மாதத் தொகையைக் கேட்டால் முன்கூட்டியே தர வேண்டும். கேட்டால் என்பதைக் கவனியுங்கள். க்ளெய்ம் எண் வாங்க வீட்டின் நிலை தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஹோட்டல் அறையிலிருந்தே முதல் நாள் கூப்பிடலாம். பேசியவர் பெயர், தேதி, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரரின் இன்ஷூரன்ஸ் சுவருக்குத்தான், உங்கள் லேப்டாப்புக்கும் பட்டுப்புடவைக்கும் இல்லை. வாடகைதாரர் இன்ஷூரன்ஸ் பல இடங்களில் மாதம் இருபது டாலர் சுமாருக்குக் கிடைக்கிறது, வெளியேறினால் தங்கும் செலவும் அதில் வரும். ஒரு குடும்பம் வெளியே சாப்பிட்டால் ஆகும் தொகைகூட இல்லை. தங்க நகைக்கு இதில் தனி உச்சவரம்பு உண்டு, அது மிகக் குறைவாக இருக்கும், எனவே நகை லாக்கரில் இருப்பதே நல்லது. வீடு முழுவதும் அழிந்துபோனால் வாடகை ஒப்பந்தமும் அத்தோடு முடிகிறது, கொடுத்த டெபாசிட்டைத் திரும்பக் கேளுங்கள்.

ஃபீமா பற்றி நிறையக் குழப்பம். ஒவ்வொரு தீக்கும் ஃபீமா வராது, ஜனாதிபதி பெரும் பேரிடர் என்று அறிவித்து, தனிநபர் உதவியையும் அனுமதித்தால்தான் வரும். லாஸ் ஏஞ்சலஸுக்கு மறுநாளே, ஜனவரி 8 அன்று, அறிவிப்பு வந்தது. உடனடித் தேவைக்கென்று அப்போது கொடுத்தது ஒருமுறை 770 டாலர். வீட்டுக்கென்று அப்போது உச்சவரம்பு 43,600 டாலர், மற்ற தேவைகளுக்கும் தனியாக அதே அளவு, ஆனால் உச்சத்தொகை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இன்ஷூரன்ஸ் தந்ததையே ஃபீமா மறுபடி தராது. எனவே இன்ஷூரன்ஸ் முடிவுக் கடிதம் இல்லாமல் போனால் பெரும்பாலும் "தகுதி இல்லை" என்று ஒரு கடிதம் வரும். அதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள், பல நேரம் ஒரு தாள் குறைகிறது என்பதுதான் அதன் பொருள். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எண் 1-800-621-3362, மொழிபெயர்ப்பு உண்டு. விண்ணப்பத்துக்குக் காசு கேட்பவர் ஃபீமா ஆள் இல்லை.

இனி நம்மில் பலருக்கு முக்கியமானது, விசா. குடியுரிமை உள்ளவர்கள், கிரீன் கார்டுக்காரர்கள், அகதி அந்தஸ்தோ புகலிடமோ கிடைத்தவர்கள் (இலங்கையிலிருந்து வந்த நம் மக்கள் பலர் இதில் வருவார்கள்) ஃபீமாவின் பண உதவிக்குத் தகுதியானவர்கள். எச்1பி, எல்1 (வேலை), எஃப்1 (படிப்பு), எச்4 (எச்1பிகாரரின் குடும்பம்), சுற்றுலா விசாவில் இருப்பவர்களுக்குப் பண உதவி கிடையாது. வருடக்கணக்கில் வரி கட்டியிருந்தாலும் கிடையாது, எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான். ஒரு வழி இருக்கிறது: இங்கே பிறந்த, உங்களோடு வசிக்கும் குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்துக் குழந்தைக்காகப் பெற்றோரில் ஒருவர் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஷெல்டர், சாப்பாடு, மனநல ஆலோசனை, இலவசச் சட்ட உதவி போன்றவற்றுக்கு விசா ஒரு தடையே இல்லை. ஆக எச்1பி குடும்பம் ஃபீமாவை நம்பி இன்ஷூரன்ஸ் எடுக்காமல் இருப்பது மிகப் பெரிய ஆபத்து. மற்றவர்களுக்கு இருக்கும் இரண்டாவது பிடிமானம் உங்களுக்கு இல்லை.

நன்கொடையைப் பற்றி. இணையத்தில் நன்கொடை திரட்டும் கோஃபண்ட்மீயில் பக்கம் தொடங்கினால் பணம் வேகமாக வரலாம், ஆனால் நண்பர் வட்டம் பெரிதாக உள்ளவருக்கே அதிகம் வரும். தமிழ்ச் சங்கமும் கோயில் குழுவும் துணி, பாத்திரம், குழந்தைக்குப் புத்தகம் என்று கொண்டுவந்து கொடுப்பதில் கெட்டிக்காரர்கள், அதை மனதார வாங்கிக்கொள்ளுங்கள். பணம் திரட்டுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். "வீட்டு வாடகைக்காக" என்று குறிப்பிட்டுத் திரட்டினால் அதே செலவுக்கு ஃபீமா தருவது பாதிக்கப்படலாம். பொதுவாக "இந்தக் குடும்பத்துக்கு உதவி" என்று எழுதுவது பாதுகாப்பு.

ஆவணம் எரிந்துவிட்டால்? கிளம்பும் பையில் பாஸ்போர்ட்டும் ஐ-797 தாளும் (குடியேற்றத் துறையின் ஒப்புதல் கடிதம்) எப்போதும் ஒரே உறையில் இருக்கட்டும், நகல் மின்னஞ்சலில் இருக்கட்டும். நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94ஐ இணையத்திலிருந்தே மறுபடி எடுக்கலாம். இந்திய பாஸ்போர்ட் போனால் போலீஸ் புகார் நகலோடு துணைத் தூதரகத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், நேரம் பிடிக்கும். அதனால் ஊருக்குத் திரும்பத் தேதி குறித்திருக்கும் பெற்றோர் இருந்தால் முதல் வாரத்திலேயே இதைத் தொடங்குங்கள். பேரிடரில் சிக்கியவர்களுக்கு விண்ணப்பங்களை விரைவுபடுத்தவும் காலம் நீட்டவும் குடியேற்றத் துறையிடம் தனியாகக் கேட்க வழி இருக்கிறது, கேட்டால்தான் பார்ப்பார்கள்.

வீடு தப்பித்துத் திரும்பிப் போகிறவர்களும் அவசரப்பட்டுக் குழந்தைகளோடு உள்ளே நுழையாதீர்கள். நகரத் தீயின் சாம்பல் மரச் சாம்பல் இல்லை, பழைய பெயிண்டின் ஈயம் முதல் கார் பேட்டரி வரை எல்லாம் எரிந்த தூள். என்95 மாஸ்க், கையுறை, ஈரத்துணி. சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டிப் பறக்கவிட வேண்டாம். புகையும் சாம்பலும் படிந்ததைச் சுத்தம் செய்வதையும் இன்ஷூரன்ஸில் கேளுங்கள், வீடு நிற்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். துடைப்பதற்கு முன்னால் ஜன்னல் விளிம்பு, ஏசி வடிகட்டி எல்லாவற்றையும் படம் எடுங்கள்.

பிள்ளைகள் ராத்திரி தூங்காமல் எழுந்து உட்கார்ந்தால், அல்லது அம்மா சாப்பிடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தால், போகப்போகச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். பேரிடர் மனநலத்துக்கென்றே 1-800-985-5990 என்று 24 மணி நேர எண் இருக்கிறது, காசு கிடையாது, மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். பள்ளியின் ஆலோசகரிடமும், எங்கள் பகுதி எரிந்தது, பிள்ளை இப்படி இருக்கிறான் என்று ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள், அவர்களே கூப்பிட்டுப் பேசுவார்கள்.